மெலமைன் அலுமாரி, மேசைக்குப் பூப்போட்ட கடதாசி ஒட்டலாமா? செலவு குறைவாக வேண்டும்

கொக்குவில் குடித்தனம்

வணக்கம். நாங்கள் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களிடம் இருக்கிற தளபாடங்கள் எல்லாம் ஒரே வெறுமை. மெலமைன் பலகையில் செய்த வெள்ளை உடுப்பு அலுமாரி, மூன்று லாச்சி வைத்த ஒரு சின்ன மேசை, மகள் படிக்கிற பிளைவூட் மேசை, அப்புறம் குசினியில் சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்துத் தட்டு, அது வீட்டுக்காரருடையது. நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து மச்சாள் குடும்பம் வந்து எங்களோடுதான் தங்கப் போகிறது, அதற்குள் கொஞ்சம் வடிவாக்கி வைக்க ஆசை. புதிதாக வாங்க இப்போது வழியில்லை, ஆள் பிடித்துப் பெயின்ற் அடித்தால் கூலியே தளபாடத்தின் விலைக்கு வந்து நிற்கும்.

பூப்போட்ட கடதாசி ஒட்டலாம் என்று யோசிக்கிறேன். எந்தக் கடதாசி, எந்தப் பசை? மாரி தொடங்கினால் கழன்று வருமா? கரப்பொத்தான் வருமா? எல்லாம் 5,000 ரூபாவுக்குள் முடிய வேண்டும். மாமி இப்போதே சொல்லிவிட்டா, கடதாசி ஒட்டின அலுமாரி அடுத்த தைப்பொங்கல் காணாது என்று. வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

திருநெல்வேலிச் சந்தியடி

அக்கா, பசையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பின்னால் ஒட்டுகிற ஸ்ரிக்கர் ரோல் வாங்குங்கள். பெரும்பாலும் 45 செ.மீ. அகலத்தில் வரும், 10 மீற்றர் ரோலும் இருக்கிறது, சில கடைகளில் மீற்றர் கணக்கில் வெட்டியும் தருவார்கள். பின்பக்கம் கட்டம் போட்டிருப்பதால் அளந்து வெட்டுவது லேசு. அது பிளாஸ்ரிக் என்பதால் ஈரத்துணியால் துடைக்கலாம். நான் என் அறை அலுமாரிக் கதவுக்கு ஒட்டியிருக்கிறேன், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வசதி இல்லை.

ஒட்டும்போது பின்தாளை முழுக்க ஒரேயடியாக உரிக்காதீர்கள். மேலே ஒரு சாண் அளவு உரித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டி, பிறகு ஒரு கையால் கீழே உரித்துக்கொண்டே மற்றக் கையால் துணிச்சுருளை வைத்து அழுத்திக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. மூலைக்கு ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் வளைந்து கொடுக்கும். பிறகு கழற்ற வேண்டும் என்றாலும் அதே சூடுதான், மிஞ்சுகிற பிசுபிசுப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் போகும்.

ஒரு குறை இருக்கிறது. மலிவான ரோல் மெல்லிசு, பலகையில் இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளமும் அப்படியே தெரியும், மின்குமிழ் வெளிச்சத்தில் பார்க்கச் சகிக்காது.

பழைய கொப்பி

தங்கச்சி, ஸ்ரிக்கர் சொன்ன தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை, குசினிப் பக்கத்துக்கு அதுதான் சரி. ஆனால் கடதாசி ஒட்டினால் வருகிற வடிவு பிளாஸ்ரிக்கில் வராது, செலவும் இன்னும் குறையும். ஒன்றை மட்டும் முதலே சொல்கிறேன்: கடதாசிக்குக் காசைக் கொட்டாதீர்கள், காசு முழுக்கப் பசைக்கும் வாணிஷுக்கும் போகட்டும். நின்று பிடிக்கிறது அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

மெலமைன் பலகையின் மேல்தோல் வழுவழுப்பானது, அப்படியே ஒட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது. மாமி சொல்கிற தைப்பொங்கல் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்தும். சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கோ, குசினிக்குப் பக்கத்தில் நின்ற அலுமாரி என்றால் எண்ணெய்ப் பிசுக்குக் கட்டாயம் இருக்கும். காய்ந்த பிறகு 180 இலக்கச் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும் வரை தேயுங்கோ, அவ்வளவுதான், பலகையைத் தோண்ட வேண்டாம். உள்ளே இருப்பது மரத்தூளையும் சிராயையும் பசையில் அமுக்கிச் செய்த பலகை. விளிம்பு உடைந்து உள்பக்கம் தெரிகிற இடத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதினது பிறகு இறங்காது. அந்த இடங்களுக்கு முதலில் தண்ணீர் கலக்காத வெள்ளைப் பசையைப் பூசிக் காயவிடுங்கோ.

பசை என்று நான் சொல்வது தச்சு வேலைக்குப் பாவிக்கிற அந்த வெள்ளைப் பசைதான், எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். 3 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கிப் பெயின்ற் பிரஷால் பூசலாம்.

உங்கள் லாச்சி மேசையில் தொடங்குங்கோ, சின்ன வேலை, கை பழகும். லாச்சிகளைக் கழற்றிப் பின்பக்கத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கோ. மூன்று முகப்புக்கும் ஒரே தாளில் இருந்து மேலிருந்து கீழாக வரிசை குலையாமல் வெட்டினால், கொடி ஒரு லாச்சியில் தொடங்கி அடுத்ததுக்கு இறங்கிப் போகும். தனித்தனியாக வெட்டினால் பூ ஒரு லாச்சியில், தண்டு இன்னொரு லாச்சியில். கைபிடியைக் கழற்றாமல் அதைச் சுற்றி வளைத்து வெட்டப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், இரண்டு திருகாணி கழற்ற எவ்வளவு நேரம்? ஒட்டி முடிந்ததும் விரலால் தடவினால் ஓட்டை இருக்கிற இடம் பள்ளமாகத் தட்டுப்படும். அந்த இடத்தில் முன்பக்கமாக பிளேட் முனையால் சின்னதாகக் குறுக்கே ஒரு வெட்டு. பின்பக்கத்தால் ஆணி விட்டுக் குத்தினால் கடதாசி வெளியே பிய்ந்துகொண்டு வரும்.

லாச்சி ஏற்கெனவே இறுக்கமாகப் போய் வருகிறது என்றால் கடதாசியை விளிம்பில் மடித்து ஒட்டாதீர்கள், பிறகு இழுக்க வராது. சுற்றிவர ஒரு விரல் அகலம் கூட விட்டு ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு சாண்ட் பேப்பரை விளிம்பில் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழே ஒரே போக்கில் இழுங்கோ. மிச்சம் தானாக அறுந்து விழும். கத்தரிக்கோலால் அவ்வளவு நேராக வெட்ட ஏலாது.

வாணிஷ் அடிக்க முதல் அதே வெள்ளைப் பசையைத் தண்ணியாகக் கரைத்துக் கடதாசிக்கு மேலே ஒரு பூச்சு. அது இல்லாமல் எண்ணெய் வாணிஷை நேரே அடித்தால் கடதாசி ஊறிப்போய், வடை சுற்றின பேப்பர் போலக் கண்ணாடியாகிவிடும். பூச்சு காய்ந்த பிறகு, தண்ணீர் கலந்து அடிக்கிற நிறமற்ற வாணிஷ் மெல்லிசாக மூன்று தரம். எண்ணெய் வாணிஷ் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளைப் பூவெல்லாம் பழுத்துப் போய்விடும்.

வல்வெட்டித்துறைக் கொக்கு

பழைய கொப்பி ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் குமிழியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, புதிதாக ஒட்டுகிறவர் அழுவது அங்கேதான். நான் பட்டம் கட்டுகிற ஆள். கொக்கு, எட்டுமூலை என்று தைப்பொங்கலுக்கு எங்கள் கடற்கரையில் ஏறுகிற பட்டம் முழுக்கக் கடதாசியும் பசையும்தானே, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடதாசி ஈரம் பட்டால் விரியும், காயும்போது சுருங்கும். பசை பூசின கையோடு பலகையில் வைத்தால் அது பலகையில் இருந்தபடியே விரியும், இடம் இல்லாமல் குமிழி குமிழியாக எழும்பும். ஆகவே தாளின் பின்பக்கம் பசை பூசிவிட்டு ஓரிரு நிமிடம் சும்மா விடுங்கள், விரிகிறது அங்கேயே விரிந்து முடியட்டும். பலகைக்கும் ஒரு மெல்லிய பூச்சு. பிறகு வைத்து, நடுவில் இருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரக்கூடாது. காலாவதியான வங்கி அட்டை ஒன்று இருந்தால் அதுதான் கருவி. ஈரக் கடதாசியில் நேரே தேய்த்தால் கிழியும், மேலே ஒரு ஷொப்பிங் பையை விரித்து அதன்மேல் தேயுங்கள்.

சின்னக் குமிழிகள் காயும்போது தானாக இறுகிப் படிந்துவிடும், பதறிப் போய் ஈரத்தில் நோண்டாதீர்கள். காய்ந்த பிறகும் நிற்கிற குமிழிக்கு பிளேட்டால் ஒரு கீறல், ஈர்க்கு நுனியில் பசை தொட்டு உள்ளே விட்டு அமுக்கிவிட்டால் இடம் தெரியாது.

இன்னொன்று. மெல்லிய பிளைவூட் கதவு, தனிப் பலகைத் தட்டு இவற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கடதாசி காயும்போது இழுத்துப் பலகை வளைய இடமுண்டு. பின்பக்கத்துக்கும் ஏதாவது தாள் ஒட்டினால் சமப்படும், அது பழைய பேப்பராக இருந்தாலும் பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள். பட்டத்துக்குப் பாவிக்கிற ரிசுத் தாளை மட்டும் அலுமாரிக்குக் கொண்டு போகாதீர்கள், ஈரம் பட்டவுடன் சாயம் ஓடும்.

சுன்னாகம் தங்கம்

ஏன் காசு கொடுத்துப் பசை வாங்க வேண்டும்? கோதுமை மாப் பசை காய்ச்சினால் போதாதா? ஒரு கப் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீர் நாலு கப்பில் விட்டுக் கிண்டினால் கண்ணாடி போல வரும். எங்கள் அம்மா அதில்தான் எல்லாம் ஒட்டினவ, கூடப் பூச்சி வராமல் நீலக்கல்லும் ஒரு துண்டு போடுவா.

பழைய கொப்பி

தங்கம், வெசாக் கூட்டுக்கும் சுவரொட்டிக்கும் மாப் பசை நல்லது. அலுமாரிக்கு நான் விடமாட்டேன். முதலாவது, அதில் முக்கால்வாசி தண்ணீர், மேலே சொன்ன பலகை ஊதுகிற கதைதான். இரண்டாவது, கரப்பொத்தானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் மாச்சத்து என்றால் விருந்து, பழைய புத்தகங்களில் கட்டின இடத்தை அரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலக்கல் என்று நீங்கள் சொல்கிற மயில்துத்தம், திராட்சைத் தோட்டங்களில் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சணத்துக்கு அடிக்கிற அதே சாமான். பூச்சி வராது, உண்மை. ஆனால் அது நஞ்சு. பிள்ளை கை வைத்துப் படிக்கிற மேசைக்கும் சாப்பாட்டுச் சாமான் வைக்கிற தட்டுக்கும் கிட்டவும் கொண்டு போகக்கூடாது.

பூச்சிப் பயம் இருந்தால் வெள்ளைப் பசையும் அதற்கு மேலே விளிம்பு வரை மூடிய வாணிஷும் போதும். தூக்கிக்கொண்டு நிற்கிற ஓரம்தான் பூச்சிக்கும் ஈரத்துக்கும் வாசல்.

கொக்குவில் குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவில்லை. பசை விளங்கிவிட்டது. இன்னும் மூன்று கேள்வி. மகளின் மேசையில் அவள் படிக்கும்போது சூடான தேத்தண்ணிக் கோப்பை வைப்பாள், அதற்கு வாணிஷ் தாங்குமா? சீமெந்துத் தட்டில் சுண்ணாம்பு அடித்திருக்கிறது, கை வைத்தாலே வெள்ளையாக ஒட்டுகிறது, அதில் எது பிடிக்கும்? மூன்றாவது, கடதாசிக்குக் காசைக் கொட்டாதே என்றால் எந்தக் கடதாசி? வீட்டில் பழைய கலண்டர் நிறைய இருக்கிறது, தாள் தடிப்பாக நல்லாக இருக்கிறது.

திருநெல்வேலிச் சந்தியடி

கலண்டர் என்றால் முருகனும் பிள்ளையாரும் லட்சுமியும்தானே அக்கா. லாச்சியில் ஒட்டிவிட்டுக் காலால் தள்ளி மூடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது இருக்கும், மாமி பார்த்தால் அன்றைக்கே கடதாசி கழன்றுவிடும். பின்பக்கம் திருப்பிப் பாவியுங்கள்.

பழைய கொப்பி

பின்பக்கம் நல்ல யோசனை. கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித் தாளில் செய்திப் பத்திரிகை அச்சடித்த ஊர் இது. ஒரு பக்கம் வெறுமையான தாளை எறிகிறதைப் பார்த்தால் எங்கள் வயதுக்காரருக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

வெறும் தாளில் நீங்களே அச்சுக் குத்தலாம். பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடுகிற பிறவுண் பேப்பர் இன்னும் வடிவு. வெண்டிக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ போல ஒரு அச்சு வரும். வெட்டின முகத்தை ரிசுவில் ஒற்றிப் பால் போகத் துடைத்துவிட்டு, மிஞ்சின வெள்ளைச் சுவர்ப் பெயின்றில் மெதுவாகத் தொட்டு, முதலில் வேறு ஒரு தாளில் ஒரு தரம் குத்திவிட்டுப் பிறகு பிறவுண் பேப்பரில் குத்துங்கோ. பெயின்ற் கூடினால் விதை இருக்கிற குழிகள் நிறைந்து வெறும் வட்டமாகிவிடும். அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் மெல்லிய கட்டம் போட்டுக்கொண்டால் வரிசை கோணாது. முற்றல் வெண்டிக்காய் நல்லது, பிஞ்சு நசியும். மகளையும் பிடித்து இருத்துங்கோ, இந்த வேலை பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கோலம் வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் ஒன்று போட்டு, நிறத் தாளில் போட்டோக்கொப்பி எடுங்கோ. போட்டோக்கொப்பி மை தண்ணீருக்கு ஓடாது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தது பசை பட்டவுடன் கலங்கும். செய்திப் பத்திரிகை ஒட்டுவதும் இப்போது ஒரு நாகரிகம், ஆனால் அந்தத் தாள் மெல்லிசு, ஈரத்தில் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும், எனக்கு அது பிடிக்காது.

வல்வெட்டித்துறைக் கொக்கு

மேசைக்கும் தட்டுக்கும் நான் சொல்கிறேன். சூடான கோப்பைக்கு இந்த வாணிஷ் தாங்காது, வட்டம் விழும். கந்தோர் மேசைகளைப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிக்குக் கீழே படமும் துண்டுக் காகிதமும் வைத்திருப்பார்கள். அதையே செய்யுங்கள். கடதாசியை ஒட்டவே வேண்டாம், விரித்து மேலே 5 மி.மீ. கண்ணாடி, விளிம்பைக் கட்டாயம் மழுக்கித் தரச் சொல்லுங்கள். காசு பார்க்கிறது என்றால் மேசைக்குப் போடுகிற தடித்த தெளிவான பிளாஸ்ரிக் விரிப்பு, மீற்றர் கணக்கில் வாங்கலாம். அலுத்தால் கடதாசியை மாற்றலாம்.

சுண்ணாம்பில் ஒன்றும் பிடிக்காது, ஸ்ரிக்கரும் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு விழும், வீட்டுக்காரரோடு பிரச்சினையும் வரும். குளிர்சாதனப் பெட்டி வந்த தடித்த மட்டைப் பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கித் தட்டின் அளவுக்கு வெட்டி, அந்த மட்டைக்கு ஸ்ரிக்கரைச் சுற்றி ஒட்டித் தட்டில் செருகிவிடுங்கள். கழுவ வேண்டும் என்றால் வெளியே இழுக்கலாம், வீடு மாறினாலும் கையோடு கொண்டு போகலாம்.

ரொறன்ரோவில் ஒரு உடுவிலான்

வாசிக்கவே ஆசையாக இருக்கிறது. இது ஒன்றும் புது வேலை இல்லை, 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத் தச்சர்கள் சீன, ஜப்பானிய அரக்குத் தளபாடங்களின் விலை கட்டுப்படியாகாமல், அச்சடித்த படங்களை வெட்டி மரத்தில் ஒட்டி மேலே மேலே வாணிஷ் அடித்து அதே மினுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காசில்லாதவரின் அரக்கு என்று அதற்குப் பெயரே வைத்தார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மெலமைனுக்கு என்னவும் ஒட்டுங்கள். ஊரில் பழைய வீடுகளில் இருக்கிற தேக்கு அலுமாரி, பெட்டகம் இவற்றில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். உறவினர் வீடு ஒன்றில் சில்லு வைத்த பெட்டகத்துக்கு மேல் ரோசாப்பூ ஸ்ரிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்து இரண்டு நாள் நித்திரை இல்லை.

சுன்னாகம் தங்கம்

உங்களுக்கு அங்கே இருந்து நித்திரை வராது, இங்கே பெட்டகத்தின் தூசி தட்டுகிறது நாங்கள். ஆனால் சொன்னது சரி, தேக்கு வேண்டாம். உள்பக்கத்துக்குத் தாள் விரிக்கலாம், ஒட்டாமல்.

கொக்குவில் குடித்தனம்

எங்களிடம் பெட்டகமும் இல்லை, தேக்கும் இல்லை, பயப்பட வேண்டாம் அண்ணை. மகளோடு வெண்டிக்காய் அச்சு மேசைக்குச் செய்கிறேன். அலுமாரிக்கும் லாச்சிக்கும் கடையில் பார்த்த ஒரு நீலக் கொடி போட்ட பரிசுத் தாள் பிடித்திருக்கிறது, 50 க்கு 70 செ.மீ. அலுமாரிக் கதவு இரண்டு, ஒவ்வொன்றும் 180 உயரம், 45 அகலம். லாச்சி முகப்பு மூன்றும் சேர்த்து 45 உயரம், 40 அகலம். எத்தனை தாள் வாங்க வேண்டும்?

பழைய கொப்பி

தாளை நீளவாக்கில் நிறுத்தினால் 50 அகலம் உங்கள் 45 கதவுக்குச் சரி, இரண்டு பக்கமும் கொஞ்சம் மிஞ்சும். உயரத்துக்கு ஒரு கதவுக்கு மூன்று தாள், இரண்டு கதவுக்கு ஆறு. லாச்சி மூன்றுக்கும் ஒரே தாள் போதும். ஏழு. கொடி பொருந்துகிற இடம் பார்த்து வெட்டக் கொஞ்சம் வீணாகும், ஆகவே ஒன்பது வாங்குங்கோ, ஒரே நாளில் ஒரே கட்டில் இருந்து. பிறகு போய் ஒன்று வாங்கினால் நீலம் ஒத்துவராது. கொடி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கோ, பசை பூசின அவசரத்தில் தலைகீழாகப் போய்விடும்.

வாங்க முதல் அந்தக் கடையில் ஒரு வேலை. விரல் நுனியைக் கொஞ்சம் நனைத்துத் தாளின் மூலையில் தேய்த்துப் பாருங்கோ, நீலம் விரலில் வந்தால் அந்தத் தாள் வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வல்வெட்டித்துறைக் கொக்கு

வாணிஷ் அடிக்கிறதை மட்டும் விடிய வெள்ளென வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நல்லூருக்கு முன் என்றால் சோளகக் காற்று நேரம், வெயில் ஏறினால் ஒழுங்கையில் கிடக்கிற புழுதி முழுக்க உங்கள் அலுமாரியில்தான் வந்து இருக்கும். யன்னலைச் சாத்தினால் மணத்தில் இருக்க ஏலாது, ஆகவே காற்று எழும்ப முதல் அடித்து முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் கை வைத்துப் பார்க்கிற ஆட்களை வீட்டுக்குள் விட வேண்டாம்.

கொக்குவில் குடித்தனம்

மாமியைத்தான் சொல்கிறீர்கள் போல. சனிக்கிழமை தாள் வாங்கப் போகிறேன், விரலை நனைத்துக்கொண்டு.